ஊர்க் கதையை யார் எழுதுவது?

(திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு வந்திருந்த குழந்தை எழுத்தாளர் ஒருவர் பேசியது)

 

“எங்கள் ஊரில் கோட்டை இல்லை, அரண்மனை இல்லை. எழுத என்ன சரித்திரம் இருக்கிறது?” என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் எழுந்தது. அதைக் கட்டிய பெருந்தச்சனின் பெயர் கல்லில் இருக்கிறது. கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயரும் இருக்கிறது. கல் சுமந்த ஆயிரமாயிரம் பேரின் பெயர் எங்கே? அவர்களுக்குச் சோறிட்ட நெல்லை விளைவித்தவர்களின் பெயர் எங்கே? அந்த உழைப்பாளிகளின் வழிவந்தவர்கள் நீங்கள்.

உங்கள் பூட்டன் காலத்தில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதில்லை. மிராசுதார் மாட்டை மேய்த்தது. பெரியவர்கள் வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடி, வாயில் சாணிப்பால். தென் கன்னடத்தில் பிறந்த பி. சீனிவாசராவ் 1943-ல் தஞ்சைக்கு வந்தார். சேரி சேரியாக நடந்தார். சேரி மக்களோடு உண்டார், உறங்கினார். சங்கம் வளர்ந்தது. ஓங்கிய சவுக்கு இறங்கியது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சீனிவாசராவ் 1961-ல் மறைந்தார். இன்று நீங்கள் பலகையில் எழுதும் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் அந்தப் போராட்டம் நிற்கிறது.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில், கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்டு நின்ற மக்கள்மீது மிராசுதார்களின் ஆட்கள் பாய்ந்தார்கள். உயிர் தப்ப ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் தீக்கு இரையானார்கள். பெண்களும் உங்களைப் போன்ற குழந்தைகளுமே அதிகம். அந்த 44 பேரின் பெயர்களும் இன்று கல்லில் இருக்கின்றன. எந்த அரசனும் பொறித்ததல்ல. உழைப்பாளி மக்கள் பொறித்தது!

ஆகவே, குழந்தைகளே, ஒரு வேலை தருகிறேன். இன்றிரவு பாட்டியிடம் கேளுங்கள்: அந்நாளில் கூலி எத்தனை மரக்கால்? நடவில் என்ன பாட்டுப் பாடினார்கள்? நம் தெருவில் முதலில் கையெழுத்துப் போடக் கற்றவர் யார்? பாட்டி தன் தாயிடம் கேட்டதையும் கேளுங்கள். அப்படியே நோட்டில் எழுதுங்கள். பெயரை விடாதீர்கள். ஆசிரியர் அவற்றைப் பள்ளி அலமாரியில் பத்திரமாக வைக்கட்டும்.

நாள் கடத்த வேண்டாம். நினைவு வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கதைப் புத்தகம் நான் எழுதிவிடுவேன். உங்கள் ஊரின் கதையை நீங்கள்தான் எழுத வேண்டும்.