பெயரறிந்து பறித்தல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இத்தகைய விழாவில் கவிதையைப் பற்றியோ கதையைப் பற்றியோ பேசுவதுதான் மரபு. நான் எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. கரம்பிலும் வரப்பிலும் வேலியோரத்திலும் தாமே முளைக்கும் கீரைகளையும் கிழங்குகளையும் இனங்கண்டு பறித்து உண்ணும் பழக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைப் புதிதாகத் தொடங்குகிறவர் எங்கே தொடங்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்று சொல்வதே என் நோக்கம். அதனூடே கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

நம் பழம்பாடல்களில் இந்தத் தேடலுக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. ஒன்று வளத்தின் முகம். மூவேந்தரும் முற்றுகையிட்டபோதும் பாரியின் பறம்புமலை பசியால் பணியாது என்று புறநானூற்றின் 109-ஆம் பாட்டில் கபிலர் கூறுகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று, ஏர் பூட்டாமலே அம்மலை தரும் நான்கு பொருள்கள்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன்.

மற்றொன்று வறுமையின் முகம். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் பாணன் வீட்டில், பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அயலார் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். புறநானூற்றின் 159-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் மனைவியைப் பற்றிச் சொல்வதும் ஏறத்தாழ இதே காட்சிதான். அங்கும் குப்பைக்கீரை, அங்கும் உப்பில்லை.

ஆகவே இது பொழுதுபோக்காகப் பிறந்த கலையன்று. வயிறு நிறைந்த நாம் இதைக் கற்கப் போகும்போது, பசித்தவர்கள் சேர்த்துவைத்த அறிவிடம் மாணவராகப் போகிறோம் என்ற நினைவு வேண்டும்.

பெருஞ்சித்திரனார் பாட்டில் ஒரு சிறு செய்தி பொதிந்திருக்கிறது. அந்தப் பெண் பறிப்பது முன்பு கொய்த இடத்திலிருந்து மீண்டும் கிளைத்த இளந்தளிரை. செடியைப் பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் பக்கக் கணுக்களிலிருந்து புதுத் தளிர் வரும். அடுத்த வாரமும் உணவு கிடைக்கும். பறித்தறிந்த கை ஒன்றின் அனுபவம் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. தொடங்குகிறவருக்கு முதல் பாடத்தைப் புலவரே கொடுத்துவிட்டார்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். தொடங்குகிறவர் ஒரே ஒரு செடியோடு தொடங்க வேண்டும். நான் பரிந்துரைப்பது குப்பைக்கீரையையே. முதல் மழை பெய்து இரண்டு வாரத்தில் ஊரெங்கும் முளைத்துவிடும். இலை நுனியில் சிறு பிளவு இருக்கும். பூங்கதிர் பச்சையாய் மெலிந்து நிற்கும். இதன் உறவான முள்ளுக்கீரைக்கு இலைக்கணுவில் கூரிய முள் உண்டு, அதுவும் உண்ணத்தக்கதே. பெயரில் குப்பை இருப்பதனால் குப்பைமேனியும் இதுவும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. பூனைவணங்கி என்றும் பெயர்பெற்ற குப்பைமேனி மருந்துச் செடி. அதைக் கீரைபோல் கடைந்து உண்பதில்லை.

ஒரு செடியை அறிதல் என்றால் அதன் ஒரு முழுச் சுற்றை அறிதல். முளையாக, இலையாக, பூவாக, காயாக, காய்ந்த சருகாக அதை அடையாளம் காண முடிய வேண்டும். நத்தத்தனாரின் வேளையையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்வேளையின் பூ வெண்மை; நாய்வேளையின் பூ மஞ்சள். பூக்காத இளம்பருவத்தில் இரண்டையும் பிரித்தறிய இலையைத் தொட்டும் கசக்கி முகர்ந்தும் பழகியிருக்க வேண்டும். ஒரு துணிப்பை, ஒரு சிறு கத்தி, ஒரு குறிப்பேடு, இவை போதும். கண்ட நாள், இடம், அந்த ஊரார் சொன்ன பெயர் ஆகியவற்றை எழுதி வாருங்கள்.

குப்பைக்கீரை கைவந்த பிறகு பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை, முடக்கற்றான், தூதுவளை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். சாரணையின் இளந்தளிரை மட்டும் எடுத்து, வேகவைத்த நீரை வடித்துவிட வேண்டும். சாரணையிலும் பருப்புக்கீரையிலும் ஆக்சாலிக் அமிலம் மிகுதி; சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. பிரண்டை புளி சேராவிட்டால் நாவிலும் தொண்டையிலும் அரிக்கும். எந்தக் கீரையானாலும் முதல்முறை சிறிதளவே உண்ண வேண்டும். காளானைப் பொறுத்தவரை தொடங்குகிறவருக்கு ஒரே விதிதான்: தொடாதீர்கள்.

இப்போது நான் அஞ்சச் சொல்லும் செடிக்கு வருகிறேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொடுத்திருக்கும் 99 பூக்களின் வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள். மகளிர் விரலுக்கும் எரியும் சுடருக்கும் உவமையாகிய பூ. இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்குக்குக் கலப்பைக் கிழங்கு என்றும் கண்வலிக்கிழங்கு என்றும் ஊர்ப்புறத்தில் பெயர். அதில் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. வேகவைத்தாலும் அது போகாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு உள்ளுறுப்புகள் செயலிழக்கும். பிழைத்தவருக்கும் தலைமயிர் கொட்டிப்போவதுண்டு. இந்த நஞ்சுக்கென்று தனி மாற்றுமருந்து வழக்கில் இல்லை. வள்ளிக்கிழங்கு என்று எண்ணி இதைத் தோண்டித் தின்று மாண்டவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் இலங்கையில் உண்டு.

கபிலரின் ஒரு பாட்டில் உயிர்காக்கும் வள்ளி. அவருடைய மற்றொரு பாட்டில் உயிர்பறிக்கும் காந்தள். இரண்டும் கொடி, இரண்டுக்கும் மண்ணுக்கடியில் கிழங்கு, இரண்டும் மழைக்குத் தழைத்து வறட்சியில் மேற்பகுதி காய்ந்துவிடும். கொடி பசுமையாய் இருக்கும்போது வேறுபாடு தெளிவு. காந்தளின் இலை நீண்டு, அதன் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடிக்கும். வள்ளிக்கு அப்படிப் பற்றும் நுனி கிடையாது. தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். காந்தள் கிழங்கு கலப்பைபோல் வளைந்து இரு கிளையாய் இருக்கும். கொடி காய்ந்தபின் இவ்வடையாளங்களில் பெரும்பகுதி மறைந்துபோகும். ஆகையால், கொடியைப் பச்சையாக இருக்கும்போதே பார்த்துக் குறித்துவைக்காத இடத்தில் தோண்டக் கூடாது. வள்ளி இனத்திலேயும் சில காட்டுக்கிழங்குகள் நச்சுத்தன்மை உடையவை. பலமுறை நீரில் ஊறவைத்துப் பக்குவம் செய்தறிந்தவர்களுக்கே அவை உணவு. தொடங்குகிறவர் முதல் சில ஆண்டுகள் கீரையோடு நிற்பதே அறிவுடைமை.

பெயரும் நம்மைக் காப்பாற்றிவிடாது. சந்தையில் வள்ளிக்கிழங்கு என்று கேட்டால் பல ஊர்களில் சர்க்கரைவள்ளியை எடுத்துத் தருவார்கள். மரவள்ளியும் அப்பெயரில் பங்கு கொண்டுவிட்டது. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தவை, கபிலர் கண்டிராதவை. சொல் அப்படியே இருக்கிறது, பொருள் மாறிவிட்டது. 'பறவை தின்றால் நாமும் தின்னலாம்' என்பதும் அத்தகைய பொய்த்துணைதான். எட்டிப் பழத்தின் சதையைச் சில பறவைகள் உண்கின்றன. அதன் கொட்டையில் இருப்பது மனிதனைக் கொல்லும் ஸ்ட்ரிக்னைன். கண்ணும் கையும் மூக்கும் ஒருங்கே சான்று சொல்லும்வரை பறித்ததை வாயில் இடக் கூடாது.

இடத்தைப் பற்றியும் இரண்டு சொல். சாலையோரமும் சாக்கடையோரமும் களைக்கொல்லி தெளித்த வயலும் விலக்கத்தக்கவை. பிறர் நிலத்தில் கேட்டுப் பறிப்பதே முறை. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் இசைவின்றி நுழைவதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின் சிறுவிளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையை அங்கு வாழும் பழங்குடிகளுக்கும் பிற மரபுவழிக் காடுவாழ் மக்களுக்கும் ஏற்றிருக்கிறது. அது அவர்களுடைய அடுக்களை. நாம் அங்கே விருந்தினர். ஊர்க் கரம்பிலும்கூட ஏழை வீட்டுக் கூடைக்குப் போக வேண்டிய கீரையை நாம் வேடிக்கைக்காக அள்ளிவரலாகாது.

ஆசிரியர் யார் என்று கேட்பீர்கள். களையெடுக்கும் பெண்கள்தாம். களை என்று பிடுங்கியதில் பாதியை மடியில் கட்டிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தவர்கள் அவர்கள். எது எந்த மாதத்தில் இளசாக இருக்கும், எதை எதனோடு கலந்தால் கசப்பு அடங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். களையெடுப்பின் இடத்தைக் களைக்கொல்லி பிடித்துவரும் வயல்களில் மூன்று இழப்புகள் ஒருசேர நேர்கின்றன. கூலி போகிறது, கீரை போகிறது, கீரையின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் பொழுதும் போகிறது. பாட்டி குனிந்து பறித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த பேத்திக்குத்தான் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அகராதியில் தொய்யக்கீரை இருக்கும். அதைக் காட்டக்கூடிய விரல் இராது.

கவிஞர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இங்கேதான் வருகிறது. இன்றைய கவிதைகளில் 'பெயர் தெரியாத பூ', 'ஏதோ ஒரு செடி', 'காட்டுக்கொடி' என்ற சொற்கள் நிறையப் புழங்குகின்றன. அவற்றுக்கும் ஓர் அழகு உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் ஒரு தலைமுறை முழுவதும் பெயர் தெரியாமலே பாடினால், அடுத்த தலைமுறைக்குப் பாடப் பெயரும் இராது, பறிக்கச் செடியும் இராது. மறுபுறம், காந்தளைக் கண்டறியாமலே காந்தள் என்று எழுதுவோரும் நம்மிடையே மிகுதி. கவிதையில் அது சிறு குறையாகத் தோன்றலாம். கிழங்கு தோண்டுகிறவனுக்கு அதே அறியாமை உயிரை வாங்கிவிடும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைக் கீரை பறிப்பவரிடமிருந்து கவிஞர் கற்கலாம்.

நம் வட்டம் பதினோராம் ஆண்டில் காலெடுத்து வைக்கிறது. மாதந்தோறும் நடக்கும் கூட்டங்களில் ஒன்றையேனும், மழைக்குப் பின் வரும் ஒரு காலை வேளையில், ஊருக்கு வெளியே வரப்பில் நடத்தலாம். கீரை அறிந்த ஒரு மூதாட்டியைத் தலைமை ஏற்க அழைப்போம். அவர் செலவிடும் நேரத்துக்கு உரிய கூலியும் கொடுப்போம். அவர் சொல்லும் பெயர்களை அவர் சொல்லும் ஒலியிலேயே எழுதிவைப்போம். ஓராண்டில் பன்னிரண்டு செடிகளை ஐயமின்றி அறிந்தவராக நம்முள் ஒவ்வொருவரும் ஆனால் அதுவே போதும்.