கூட்டாக ஒரு தீவனக் குழி

(விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

புரட்டாசியில் விதைத்த தீவனச் சோளம் கார்த்திகை, மார்கழியில் பூத்துக் கதிர் பிடிக்கிறது. மாட்டுக்கு ஏற்ற சத்து நிறைந்த பருவம் அதுவே. ஆனால் அது மழைக்காலம். காயவைக்க வெயில் இராது. ஈரத்தோடு படப்பில் ஏற்றினால் பூசணம் பூக்கிறது. முற்றவிட்டால் தட்டை நாராகிறது. சித்திரை பிறந்ததும் தீவனமின்றிக் கறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறோம். இந்த நஷ்டத்தைத் தடுக்க வல்லது ஊறுகாய்ப்புல்.

கதிர் பால் பிடித்து மாவாகத் திரளும்போது பயிரை அறுத்துச் சிறு துண்டுகளாக நறுக்குதல் வேண்டும். மேட்டு நிலத்துக் குழியில் அடுக்கடுக்காகப் பரப்பி, காற்று தங்காதபடி மிதித்து, பாலித்தீன் தாளால் மூடி, மேலே மண் இடவேண்டும். காற்றில்லாத இடத்தில் தட்டையின் சர்க்கரை புளித்து லாக்டிக் அமிலமாகிறது. அப்புளிப்பே தீவனத்தைக் காக்கிறது. சுமார் 45 நாளில் பதமாகும். நறுக்கிய தீவனத்தைக் கையில் பிழிந்தால் சாறு சொட்டலாகாது. சொட்டினால், அறுத்த பயிரைச் சில மணி நேரம் வாடவிடுக. இன்றேல் சத்து சாறோடு ஒழுகிப்போம், தீவனமும் நாறும்.

குழி சத்தைக் காக்குமேயன்றிப் பெருக்காது. சோள ஊறுகாய்ப்புல்லின் உலர்பொருளில் புரதம் பெரும்பாலும் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கே. ஆகவே வேலிமசால், அகத்தி, கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தே கொடுக்கவேண்டும்.

குழியைத் திறந்தபின் நமது வெப்பமும் ஈரக்காற்றும் பகையாகின்றன. காற்றுப்பட்ட முகப்பு விரைவில் சூடேறிப் பூசணம் பிடிக்கும். அதற்கு முந்திக்கொள்ள, நாள்தோறும் முகப்பிலிருந்து 15 செ.மீ. கனமேனும் வெட்டி எடுத்தல் நன்று. மூன்று மாடு உடையவர் மாட்டுக்கு 15 கிலோ வீதம் 45 கிலோவே எடுப்பார். 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள குழியில், கன மீட்டருக்கு 500 கிலோ எனக் கொண்டால், அது 5 செ.மீ. கனம்கூட இராது. மீதி கெடும். நால்வர் கூடினால் 12 மாடு, நாளைக்கு 180 கிலோ, 18 செ.மீ. வெட்டலாம். கோடையின் 90 நாளுக்கு அதே அகல ஆழத்தில் 16.2 மீட்டர் நீளக் குழி போதும். பலர் கை கூடுவதால் நிரப்பும் வேலையும் விரைவில் முடியும்.

பஞ்சாயத்து செய்யவேண்டியது பெரிதன்று. நீர் தேங்காத மேட்டைக் காட்டுதல். தட்டை நறுக்கும் இயந்திரம் பொதுவில் கிடைக்க வழி தேடுதல். அவரவர் கொணர்ந்த பயிரை நிறுத்துக் கணக்கெழுதி, அவ்வளவுக்கேற்பப் பங்கிடுதல். கணக்கு நேராயிருந்தால் கூட்டு நிலைக்கும்.

ஊறுகாய்ப்புல்லைப் பால் கறந்தபின் கொடுங்கள். பூசணம் பிடித்ததை எருக்குழியில் கொட்டுங்கள். அடுத்த கார்த்திகைக்குள் ஊருக்கு ஒரு குழியேனும் வெட்டுவோம். சித்திரையில் நம் மாடுகள் தொழுவத்திலேயே நிற்கட்டும்.