காய்ச்சல் கண்ட வீட்டின் வாசல்
(பொன்விழாத் திருப்பலியில் பங்குக்குரு ஆற்றிய உரை)



பொன்விழா நாளில் கோயில் கட்டிய கதையையும், நன்கொடை தந்தவர்களின் பெயர்களையும் சொல்வது வழக்கம். விழாக் குழுவினர் அதை எனக்கு முன்பே நிறைவாகச் செய்துவிட்டார்கள். நானோ கோயிலும் குருவும் இல்லாத காலத்தில் விசுவாசத்தைக் காத்த மக்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

1658-ம் ஆண்டில் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பூசை தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் தமிழ்ச் சகோதரர்கள் பூசை காணாமலும், பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாமலும் இருந்தார்கள். ஆனாலும் செபமாலையை விடவில்லை. ஒரு ஞாயிறு மழை பெய்தால் பாதிக் கோயில் காலியாகிவிடுகிற பங்கின் குரு நான். ஆகையால் இதைச் சற்று வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அவர்களுடைய நிலையைக் கேள்விப்பட்டு, கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் என்னும் குருவானவர் 1687-ல் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து போனார். குருவின் அங்கியைக் களைந்து, கூலியாளைப் போல் உடுத்து, வெறுங்காலோடு போனார். கழுத்தில் ஒரு செபமாலை மட்டும் இருந்தது. வீடு வீடாகப் பிச்சை கேட்டார். எந்த வீட்டாருடைய கண் அந்தச் செபமாலையில் நின்றதோ, அந்த வீட்டில் தம் மந்தையைக் கண்டுகொண்டார். பிறகு 1692-ல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கீசருடைய ஒற்றன் என்று சிறையில் அடைத்தார்கள்.

1697-ல் அதே கண்டியில் பெரியம்மை பரவிற்று. நோய் கண்டவர்களைச் சொந்தக்காரர்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் சுவாமியாரும், அவருக்கு உறவினரான இன்னொரு குருவும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போய்க் கஞ்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். எந்த மதம் என்று கேட்கவில்லை. சிறை வைத்த ஊருக்கு அவர் செய்த கைம்மாறு அது. 1711-ல் கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015 ஜனவரி 14-ம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கண்டி நமக்குத் தூரம். சானடோரியம் தூரமில்லை. நம்மில் பலருக்கு அது ரயில் நிற்கும் ஓர் இடம், அவ்வளவுதான். காசநோய் என்றால் உறவே விலகி நின்ற காலத்தில், 1928-ல், டாக்டர் சௌரி முத்து அங்கே நோயாளிகளுக்காக மருத்துவமனை தொடங்கினார். பின்னாளில், பலரும் தொட அஞ்சிய எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் அங்கேதான் கட்டில் கிடைத்தது.

2015 டிசம்பரில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தார்கள். வெள்ளம் கதவுகளைத் திறக்க வைத்தது. தொற்றுநோயோ கதவுகளைச் சாத்த வைக்கிறது. என் கதவையும் சாத்த வைத்தது.

2021 மே மாதம், ஓர் இரவு தொலைபேசி ஒலித்தது. "சுவாமி, அப்பாவுக்கு மூச்சு முட்டுது, நோயில்பூசுதல் கொடுக்க வர்றீங்களா?" எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. "காலையில் வருகிறேன்" என்றேன். காலையில் அவர் இல்லை. நம் பங்கின் நான்கு பிள்ளைகள், பிளாஸ்டிக் உடை அணிந்து, அவரைக் குழியில் இறக்கினார்கள். நான் தள்ளி நின்று செபம் சொன்னேன். அந்தக் குடும்பம் இன்றும் பூசைக்கு வருகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்தப் பொன்விழாவின் நினைவாக, வீட்டில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களையும், மருத்துவமனையில் பார்க்க ஆளில்லாமல் கிடப்பவர்களையும் வாரந்தோறும் சந்திக்க ஒரு குழு தொடங்குகிறோம். சக்கறாத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. முதல் வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன். இரண்டாம் பெயரை, நான் கேட்காமலே, அந்தத் தகப்பனாருடைய மகன் நேற்று மாலை வந்து எழுதிவிட்டுப் போனார்.