திரை மறந்த தமிழர்

பட்டுத்தறி பேணும் ஆரணிப் பெருமக்களே! தமிழ்த் தோழர்களே!

1942-இல் மலையாவைக் கைப்பற்றிய சப்பானியரின் படைக்காவல் 'கெம்பெய்த்தாய்'. ஒற்றரை ஏவி, ஐயுற்றாரைப் பிடித்து வதைத்த கொடுங்காவல் அது. சயாம்–பருமா தொடர்வண்டிப் பாதையில் வானொலிப் பெட்டி மறைத்த பிரித்தானியப் படையலுவலர் எரிக் உலோமாக்சு 1943-இல் அவர்களிடம் பட்ட வதையை, 2013-இல் வந்த 'தி இரெயில்வே மேன்' படம் காட்டுகிறது. அதே பாதையைப் பற்றிய 'குவாய் ஆற்றுப் பாலம்' 1957-இல் வந்து ஏழு ஆசுக்கர் விருதுகளைப் பெற்றது. இரண்டிலும் நடுவே நிற்போர் வெள்ளைக் கைதியரே.

415 கி.மீ. நீண்ட அப்பாதையில் மாண்ட கைதியர் ஏறத்தாழ 12,000 பேர். மலையாத் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் வலிந்தும் கொண்டு செல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரோ, பசியாலும் கக்கல்கழிச்சலாலும் அதனினும் பன்மடங்கு மாண்டனர். அவர்கள் திரையில் எங்கே?

கைதியர் நூல் எழுதினர். அவர்க்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. பெயர் பொறித்த கல்லறையும் எழுந்தது. தோட்டத் தமிழர்க்கு முறையான பட்டியல்கூட இல்லை. எழுத்தில் இல்லாதவன் திரையில் எப்படி ஏறுவான்?

ஊடை விடுபட்ட பாவு சேலையாகாது, நீங்கள் அறியாததன்று. மலையா சென்று மீளாத உறவினர் உங்கள் குடும்பத்தில் உண்டாயின், இன்றே முதியோரைக் கேட்டு அவர் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். விடுபட்ட ஊடை அதுவே!