வாயில்லா ஜீவனின் தாகம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் நிகழ்த்தப்பட்ட உரை)





மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்குப் பலர் வருகிறார்கள். போன மாதம் ஒரு சிறுவன் வந்தான். தனக்காக வரவில்லை, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த நாய்க்குட்டிக்காக வந்தான். அவனுடைய தாயார் ஆடு வளர்த்துப் பிழைப்பவர். பட்டிக்குக் காவலாக இரண்டு குட்டிகளை வளர்த்தார்கள். அதில் ஒன்று வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகக் கிடந்தது. தனியார் மருத்துவர் சொன்ன தொகை அந்தத் தாயாரின் ஒரு மாத வருமானம்.

நாங்கள் என்ன செய்தோம்? மறைக்காமல் சொல்கிறேன். "நாயைத் தொடலாமா, அதற்குப் பணம் கொடுக்கலாமா" என்று பேசியே இரண்டு நாளைக் கடத்தினோம். குட்டி இறந்துவிட்டது. மறுநாள் இரண்டாவது குட்டிக்கும் வாந்தி தொடங்கியது.

அந்த இரண்டு கேள்விக்கும் மார்க்கத்தில் எப்போதோ பதில் இருக்கிறது. காவலுக்கும் கால்நடைக்கும் நாய் வளர்க்க அனுமதி உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், ஈரத்தோடு நாய் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் அசுத்தம். உலர்ந்த உடல் பட்டால் அசுத்தமில்லை. ஆக, அசுத்தத்துக்குக் கழுவுதல் இருக்கிறது. தவிக்கும் உயிரைக் கைவிட்டதற்கு என்ன இருக்கிறது? தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீர் மொண்டு புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்ததை நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பணத்தைப் பொறுத்தவரை, ஜகாத் எட்டு வகை மனிதர்களுக்கு உரியது. அதில் கை வைக்க வேண்டாம். ஸதகாவிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்போது நோயைப் பற்றி. இதன் பெயர் பார்வோ. 1978-இல் உலகெங்கும் பரவிய வைரஸ். தடுப்பூசி போடாத குட்டிகளையே பெரும்பாலும் தாக்கும். மனிதருக்குத் தொற்றாது. வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து வழக்கத்தில் இல்லை. குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும், குடல் வழியே இரத்தத்தில் கலக்கும் கிருமிகளும்தான். அதனால் முதல் இரண்டு மூன்று நாட்கள் மிக முக்கியம்.

மருத்துவமனையில் தங்கவைக்க வசதியில்லை என்றால் கதை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். தங்கவைத்துப் பார்த்தவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வாந்தியை நிறுத்தும் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, வெளிநோயாளி முறையில் கவனித்தவற்றில் 80 சதவீதம் பிழைத்தன. எனவே மருத்துவரிடம் கூசாமல் கேளுங்கள்: "தங்கவைக்க முடியாது, தினமும் கொண்டுவந்து காட்டுகிறோம், குறைந்த செலவில் என்ன செய்யலாம்?" முதலில் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை: குட்டியைக் கதகதப்பாக, மற்ற நாய்களிடமிருந்து தனியாக வையுங்கள். வாந்தி ஓயாதபோது வாயில் எதையும் வலிந்து ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். சற்று நின்றதும் ஓஆர்எஸ் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சால் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். பால் வேண்டாம். மனிதர்களின் வலி மாத்திரையும் கழிச்சலை நிறுத்தும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். கையுறை அணியுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள்.

இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கழிவை அகற்றித் தரையைக் கழுவிய பின், வீட்டு பிளீச் திரவம் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் போட்டுவிட்டால், இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது குட்டியை அன்றே அரசு மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். வெளியில் வாங்கிய மருந்துக்கு ஸதகா நிதியிலிருந்து கொடுத்தோம். ஐந்தாம் நாள் அது தானாகத் தண்ணீர் குடித்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று பட்டியில் காவல் நிற்கிறது. முதல் குட்டிக்கு நாங்கள் கடத்திய இரண்டு நாள் மட்டும் என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த முறை ஒரு சிறுவன் நம் வாசலுக்கு வந்தால், முதலில் எழுந்து போவோம். பேச்சை வழியில் வைத்துக்கொள்வோம்.

அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிரப்புவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.