திரையில் விளையாட்டு, வகுப்பில் யார்?

(திருப்பதியில் தமிழ் பேசும் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



தொடக்கப்பள்ளிக் குழந்தைக்குக் கணினி விளையாட்டின் வழியே கணக்கைக் கற்பிக்கலாமா? கற்பிக்கலாம் என்பதே என் விடை. தோழர்கள் சிலருக்கு இதில் உடன்பாடு இராது என்பதை அறிவேன். கருவியோடு நமக்குப் பகை இல்லை; வகுப்பறையில் அது யாருடைய இடத்தில் வந்து அமர்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

குஜராத்தில் வடோதரா நகராட்சிப் பள்ளிகளுக்கு அரசு தலா நான்கு கணினிகள் வழங்கியிருந்தது. பல பள்ளிகளில் அவை பயன்படாமலே கிடந்தன. பின்னர் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை, ஒரு கணினிக்கு இருவராக, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளில் ஈடுபடுத்தினர். தேர்ச்சி நன்கு உயர்ந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் பங்கேற்ற இவ்வாய்வு 2007-இல் வெளியாயிற்று. திட்டம் முடிந்த ஓராண்டில் அந்த ஆதாயத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்டதையும் அவர்களே பதிவு செய்துள்ளனர். அக்குழுவைச் சேர்ந்த லீ லிண்டன் அதே மாநிலத்தில் செய்த மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. பாடவேளையில் ஆசிரியரின் கற்பித்தலுக்கு மாற்றாகக் கணினியை வைத்தபோது பிள்ளைகள் குறைவாகவே கற்றனர். பள்ளி நேரத்துக்குப் பின் கூடுதலாக வைத்தபோது பயனடைந்தனர். பின்தங்கிய பிள்ளைகள் மேலும் அதிகமாக.

காரணம் எளிது. 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு சிறுமி 35 என்கிறாள். பெரும்பாலான விளையாட்டுகள் 'தவறு' என்று ஒலியெழுப்பி அடுத்த வாய்ப்பைத் தரும்; அவள் ஊகித்தே 25-ஐத் தொட்டுவிடுவாள். ஆசிரியரோ, "எப்படிச் செய்தாய், அம்மா?" என்று கேட்பார். ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் புலப்படும்.

நம் மாநிலத்தில் நடந்ததை நினைவுகூருங்கள். 2022-இல் அன்றைய அரசு, நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடங்களுக்குப் பைஜூஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. எட்டாம் வகுப்பினருக்குக் கைக்கணினிகளும் வழங்கியது. அதே ஆண்டில் அரசாணை 117-இன்படி 3, 4, 5-ஆம் வகுப்புகளைத் தொடக்கப்பள்ளிகளிலிருந்து பிரித்து உயர்நிலைப் பள்ளிகளோடு இணைக்கத் தொடங்கியது. ஒரு கையால் திரையைக் கொடுத்து, மறுகையால் பக்கத்துத் தெருப் பள்ளியின் வகுப்புகளை எடுத்துக்கொண்டது. ஆசிரியர் இயக்கங்கள் எதிர்த்துப் போராடிய அவ்வாணை 2025-இல் கைவிடப்பட்டது. நிறுவனமோ 2024-இலேயே திவால் நடைமுறைக்குள் சென்றுவிட்டது.

விளையாட்டுக்குத் திரைதான் வேண்டும் என்பதுமில்லை. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலியில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக அமரும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக, அட்டைகளும் விளையாட்டுகளும் படிப்படியான ஏணியும் கொண்ட முறையை உருவாக்கினர். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் அதைத் தழுவிக்கொண்டன. தமிழ்நாடு முழுவதும் செயல்வழிக் கற்றலாகப் பரவியது அதுவே. அங்கும் ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்துதான் கற்பித்தார்.

இனி எந்தப் பள்ளிக்குத் திரை வந்தாலும், அங்கு எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளன என்று நம் கிளைகள் முதலில் கேட்கட்டும். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இன்னொன்றையும் கேட்பேன்: நகரியிலும் சத்தியவேட்டிலும் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தையிடம் அந்த விளையாட்டு எந்த மொழியில் பேசப்போகிறது?