திரும்பி வரத் தெரிந்த நாய்

அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா, யூட்டா மாநிலங்களில் செம்மறி ஆடு வளர்ப்பவர்களுக்குக் கொயோட்டி என்றால் தீராத கவலை. நம் ஊர் நரிக்குச் சொந்தம், உருவத்தில் சற்றுப் பெரியது. ஏப்ரல், மே மாதங்களில் வளையில் குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்கு இரை வேண்டுமே. பட்டியில் பிறந்த இளம் ஆட்டுக்குட்டிகள் அதிகம் பறிபோவது அப்போதுதான்.

கொயோட்டியை வேட்டையாட அங்கே ஒரு நாயைப் பழக்குகிறார்கள். கொயோட்டியைக் கடித்துக் கொல்வது அதன் வேலையன்று. வளைப் பக்கம் அந்நிய நாய் வந்தால் கொயோட்டி ஜோடி பொறுக்காது, துரத்தும். நாய் பின்வாங்கி, வேட்டைக்காரர் பதுங்கியிருக்கும் இடத்தை நோக்கி ஓடிவரும். ஆத்திரத்தில் ஆளைக் கவனிக்காமல் ஜோடியும் பின்னாலேயே வந்து துப்பாக்கிக்கு எட்டிவிடும்.

மௌன்டன் கர் போன்ற இனங்களை இதற்கு விரும்புகிறார்கள். ஆனால் இனத்தைவிடப் பழக்கம் பெரிது. கூப்பிட்டால் எந்த வேகத்திலும் திரும்ப வேண்டும். ஆடு, மான் எதையும் துரத்தக் கூடாது. இவை வீட்டருகிலேயே கற்றுத்தர வேண்டிய பாடங்கள். வெடிச்சத்தத்தை நாய்க்குட்டி சோறு தின்னும் நேரத்தில், வெகு தூரத்திலிருந்து கேட்கவிட்டு, நாள்போக்கில் கிட்டே கொண்டுவருகிறார்கள். தலைமாட்டில் ஒருமுறை வெடித்துப் பயந்த நாயைத் தேற்றுவது மிகவும் கடினம்.

அடுத்தது தைரியம். இதில்தான் பயிற்சியாளரின் கைத்திறன் தெரியும். அளவு மீறினால் நாய் அங்கேயே சண்டைக்கு நின்றுவிடும்; குறைந்தால் எஜமானின் காலை விட்டு நகராது. அதனால் அனுபவமுள்ள மூத்த நாயோடு குட்டியை அனுப்புவார்கள். அது எட்டிப் போவதையும் மடங்கி வருவதையும் பார்த்தே இது கற்றுக்கொள்ளும். கொயோட்டியோடு மோதும் நேரத்தில் நாயின் கழுத்தில் கட்டிய மின்பட்டையை அழுத்தி அதிர்ச்சி கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. வலி கொயோட்டியால் வந்தது என்று நாய் எண்ணினால் மறுமுறை அந்தப் பக்கமே போகாது.

பல் முழுதாக வளராத, உடம்பு திரளாத நாயை ஒரு ஜோடியின் முன்னால் தனியே தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது குதறப்பட்டு வந்தால் பிழை நாயுடையதல்ல. எத்தனை கொயோட்டி விழுந்தாலும் அப்படிப்பட்டவரை நல்ல பயிற்சியாளர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.